தடுப்பூசியில் முன்னுரிமை: பெருந்தொற்றுக் கால வரிசையும் அதன் அறமும்

முன்னுரை

பெருந்தொற்று ஒன்றிற்குத் தடுப்பூசி கண்டறியப்படும் நாளும் அது மக்கள் அனைவருக்கும் கிடைக்கும் நாளும் ஒன்றல்ல. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட காலம் மாதக் கணக்கில் நீளும். வறிய நாடுகளில் ஆண்டுக் கணக்கிலும் நீளும். அக்காலத்தில் ஒருவருக்குப் போடப்படும் ஒவ்வோர் ஊசியும் மற்றொருவர் காத்திருக்க வேண்டிய ஊசியாகிறது. காத்திருப்போருள் சிலர் நோயுற்று இறப்பர் என்பதும் முன்னரே அறியக்கூடியதாகும். ஆதலின் 'யாருக்கு முதலில்?' என்னும் வினா நிர்வாக வசதி பற்றிய வினாவாக நின்றுவிடுவதில்லை. அது அறவியல் வினாவும் ஆகும்.

மலேசியாவில் கோவிட்-19 தேசியத் தடுப்பூசித் திட்டம் 2021 பிப்ரவரி 24ஆம் நாள் தொடங்கியது. முதற்கட்டத்தில் முன்களப் பணியாளர்கள் ஏறத்தாழ 5 இலட்சம் பேரும், இரண்டாம் கட்டத்தில் முதியோர், இணைநோய் உடையோர், மாற்றுத்திறனாளிகள் என ஏறத்தாழ 9.4 மில்லியன் பேரும், மூன்றாம் கட்டத்தில் 18 வயதைக் கடந்த ஏனையோரும் என வரிசை வகுக்கப்பட்டது. இவ்வரிசை பலருக்கும் இயல்பானதாகவே தோன்றியது. ஆயின் அதே காலத்தில் அண்டை நாடான இந்தோனேசியா, சுகாதாரப் பணியாளர்களை அடுத்து, பொதுச் சேவையினரையும் 18 முதல் 59 வயது வரையிலான உழைக்கும் வயதினரையும் முன்னிறுத்தத் திட்டமிட்டது. இரு நாடுகளிலும் மருத்துவ வல்லுநர்கள் இருந்தனர். இரு நாடுகளும் ஒரே நச்சுயிரியையே எதிர்கொண்டன. அவ்வாறாயின் இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது?

முன்னுரிமை வரிசை என்பது மருத்துவத் தரவுகளிலிருந்து தானாக விளைவதன்று. எதனை முதன்மையாகக் காக்க வேண்டும் என்னும் மதிப்பீடு தரவுகளோடு சேர்ந்த பின்னரே அது உருப்பெறுகிறது. அம்மதிப்பீட்டையும் அதன் காரணங்களையும் தடுப்பூசி வந்து சேரும் முன்னரே மக்கள்முன் வைப்பது இன்றியமையாதது. இவற்றை நாடுகள் சிலவற்றின் பட்டறிவைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரிசைக்கு அடிப்படையாகும் கொள்கைகள்

அறவியல் அறிஞர்களும் அரசுகளும் எடுத்துரைக்கும் கொள்கைகளுள் ஐந்து இங்குக் கருதத்தக்கவை.

முதலாவது, மிகுதியான உயிர்களைக் காத்தல். நோயால் இறக்கும் வாய்ப்பு யாருக்கு மிகுதியோ அவருக்கு முதலிடம் தரின் மொத்த இறப்பு குறையும் என்பது இதன் கருத்து. கோவிட்-19 நோயில் வயது ஏற ஏற இறப்பு வாய்ப்பும் மிக வேகமாக ஏறியமையால், இக்கொள்கை முதியோரை முன்னிறுத்தியது.

இரண்டாவது, எஞ்சிய வாழ்நாளைக் கருதுதல். எழுபது ஆண்டுகள் வாழ்ந்தவர் வாழ்வின் பல பருவங்களையும் கண்டவர். இருபது வயதினர் காணாதவர். ஆதலின் இளையோருக்கு வாய்ப்புத் தருவதே நேர்மை என்பது இதன் வாதம். எசக்கியேல் இமானுவேல், ஆலன் வெர்த்தைமர் ஆகிய இருவரும் 2006இல் 'சயன்ஸ்' ஆய்விதழில், சளிக்காய்ச்சல் பெருந்தொற்று வருமாயின் தடுப்பூசி யாருக்கு என்பதை ஆராய்ந்தபோது இவ்வாதத்தையே விரித்துரைத்தனர். அவர்கள் பச்சிளங் குழந்தைகளைக் காட்டிலும் பதின்பருவத்தினரையும் இளம் அகவையினரையும் முன்னிறுத்தியது குறிப்பிடத்தக்கது. வாழ்க்கைக்கான கனவுகளும் உழைப்பும் அவ்வயதில் ஏற்கெனவே முதலீடு செய்யப்பட்டுள்ளன, ஆயினும் அவை இன்னும் பலன் காணவில்லை என்பது அவர்கள் கூறிய காரணம்.

மூன்றாவது, சமுதாய இயக்கத்தைக் காத்தல். மருத்துவரும் தாதியரும் நோயுற்றால் நோயாளிகளைக் காப்பார் இலர். ஒரு தாதிக்குப் போடப்படும் ஊசி அவரை மட்டுமன்றி அவர் பராமரிக்கும் பலரையும் காக்கிறது என்பதே இதன் அடிப்படை. மின்சாரம், உணவு, பாதுகாப்பு ஆகிய துறைகளுக்கும் இவ்வாதம் நீட்டப்படுகிறது.

நான்காவது, கைம்மாறு. 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. பெருந்தொற்றுக் காலத்தில் இப்பழமொழியை மாற்றிப் போட வேண்டியுள்ளது. படைக்கு முந்தியவரே பந்திக்கும் முந்த வேண்டும். பிறருக்காக ஆபத்தை ஏற்றவருக்குச் சமுதாயம் கடமைப்பட்டுள்ளது என்பதே கைம்மாற்றுக் கொள்கை.

ஐந்தாவது, நலிந்தோர் நலன். நெருக்கமான குடியிருப்பு, வீட்டிலிருந்து செய்ய இயலாத வேலை, மருத்துவ வசதிக் குறைவு ஆகியவற்றால் சிலர் பிறரினும் மிகுதியாக நோய்க்கு ஆளாகின்றனர். இக்குறையைத் தடுப்பூசி வரிசை ஈடுசெய்ய வேண்டும் என இக்கொள்கை வற்புறுத்துகிறது.

இவ்வைந்தும் தனித்தனியே நோக்கின் ஏற்கத்தக்கனவாகவே உள்ளன. ஒரே குப்பி மருந்தை நோக்கி இவை ஐந்தும் வெவ்வேறு திசைகளில் கை நீட்டும்போதுதான் சிக்கல் எழுகிறது.

ஒரே நாடு, இரு வரிசைகள்

கொள்கை மாறாதிருப்பினும் நோயின் தன்மை மாறினால் வரிசை மாறும் என்பதற்கு அமெரிக்காவின் பட்டறிவு சிறந்த சான்றாகும்.

2009 ஜூன் 11ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் எச்1என்1 சளிக்காய்ச்சலைப் பெருந்தொற்று என அறிவித்தது. அடுத்த மாதம் அமெரிக்காவின் நோய்த்தடுப்பு ஆலோசனைக் குழு முன்னுரிமைப் பிரிவினரை வரையறுத்தது. கருவுற்ற பெண்கள், ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளோடு வாழ்வோர், சுகாதாரப் பணியாளர்கள், ஆறு மாதம் முதல் 24 வயது வரையிலானோர், 25 முதல் 64 வயதுக்குட்பட்ட நாட்பட்ட நோயுடையோர் ஆகியோர் அப்பிரிவினர். 65 வயதைக் கடந்தோர் அப்பட்டியலில் இல்லை. முதியோர் பலரிடம் முற்காலத்தில் பரவிய ஒத்த நச்சுயிரிகளால் விளைந்த எதிர்ப்பாற்றல் ஓரளவு இருந்தமையும், அந்நோய் இளையோரையே மிகுதியாகத் தாக்கியமையும் இதற்குக் காரணங்கள்.

பதினோர் ஆண்டுகள் கழித்து, 2020 டிசம்பரில், அதே குழு கோவிட்-19 தடுப்பூசிக்கு வகுத்த வரிசை வேறு. சுகாதாரப் பணியாளர்களும் நெடுநாள் பராமரிப்பு இல்லங்களில் வாழ்வோரும் முதலிடம் பெற்றனர். அடுத்து 75 வயதைக் கடந்தோரும் முன்களத் தொழிலாளர்களும் வைக்கப்பட்டனர். 2009இல் பட்டியலுக்கு வெளியே நின்ற முதியோர் 2020இல் அதன் தலைப்பகுதிக்கு வந்தனர்.

இதனால் 'முதியோருக்கே முதலிடம்' என்றோ 'இளையோருக்கே முதலிடம்' என்றோ நிலையான விதி வகுப்பது பொருந்தாது என்பது தெளிவாகும். 1918ஆம் ஆண்டுச் சளிக்காய்ச்சல் இருபது முதல் நாற்பது வயதினரைப் பெருமளவில் பலிகொண்டது. அத்தகைய நோய் மீண்டும் வருமாயின் 2020ஆம் ஆண்டுப் பட்டியல் உதவாது. பட்டியலை நோய் வந்த பின்னரே வகுக்க இயலும். பட்டியலை வகுக்கும் கொள்கைகளையோ நோய் வரும் முன்னரே ஆராய்ந்து வைக்க இயலும்.

ஒரே நோய், வெவ்வேறு வரிசைகள்

நோய் ஒன்றாக இருந்தும் வரிசைகள் வேறுபட்டதை இனிக் காண்போம்.

பிரிட்டன் 2020 டிசம்பர் 8ஆம் நாள் பொதுமக்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. அந்நாட்டு வல்லுநர் குழு ஒன்பது பிரிவுகளை வகுத்தது. பராமரிப்பு இல்லங்களில் வாழும் முதியோரும் அவர்களைப் பராமரிப்போரும் முதலிலும், 80 வயதைக் கடந்தோரும் முன்களச் சுகாதாரப் பணியாளர்களும் அடுத்தும், அதன்பின் பெரும்பாலும் வயது இறங்கு வரிசையிலும் பிரிவுகள் அமைந்தன. தடுக்கக்கூடிய இறப்புகளுள் ஏறத்தாழ 99 விழுக்காடு இவ்வொன்பது பிரிவினருள் அடங்கும் என அக்குழு மதிப்பிட்டது. உயிர் காத்தல் என்னும் முதற்கொள்கையே அங்கு மேலோங்கி நின்றது. அதே மாதம் 30ஆம் நாள், முதல் தவணைக்கும் இரண்டாம் தவணைக்கும் இடைப்பட்ட காலம் 12 வாரம் வரை நீட்டிக்கப்பட்டது. ஒருவருக்கு இரு தவணைகள் தருவதினும் இருவருக்கு ஒவ்வொரு தவணை தருவது மேல் என்பது அம்முடிவின் பொருள். ஆட்களுக்கு இடையே மட்டுமன்றித் தவணைகளுக்கு இடையேயும் முன்னுரிமை உண்டு என்பதை இது காட்டுகிறது.

இந்தோனேசியாவில் 2021 ஜனவரி 13ஆம் நாள் அதிபருக்குப் போடப்பட்ட ஊசியோடு திட்டம் தொடங்கியது. அந்நாட்டின் வரிசைக்கு இரு காரணங்கள் இருந்தன. முதலில் கிடைத்த சினோவேக் தடுப்பூசி அந்நாட்டில் 18 முதல் 59 வயதினரிடமே ஆய்ந்து பார்க்கப்பட்டிருந்தது. முதியோருக்கு அது எந்த அளவு பாதுகாப்பானது என்பதற்கான தரவு அப்போது போதுமானதாக இல்லை. மேலும், வெளியே சென்று உழைப்போரைக் காத்தால் நோய்ப்பரவலும் பொருளியல் வீழ்ச்சியும் குறையும் என்னும் எதிர்பார்ப்பும் இருந்தது. 2021 பிப்ரவரியில் முதியோருக்கும் அத்தடுப்பூசி ஒப்புதல் பெற்ற பின் அவர்களும் வரிசையில் முன்னே கொண்டுவரப்பட்டனர். முதற்காரணம் தரவைச் சார்ந்தது. புதிய தரவு வந்ததும் அது நீங்கியது. இரண்டாம் காரணம் மதிப்பீட்டைச் சார்ந்தது.

இவ்விரண்டாம் காரணத்தை ஆய்வாளர்களும் அளந்து பார்த்தனர். 2021இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த கணித மாதிரி ஆய்வு ஒன்று, பரவலைத் தடுக்கும் ஆற்றல் மிக்க தடுப்பூசியை 20 முதல் 49 வயதினருக்கு முதலில் தந்தால் தொற்றுகளின் எண்ணிக்கை மிகக் குறையும் என்றும், 60 வயதைக் கடந்தோருக்கு முதலில் தந்தால் பெரும்பாலான சூழல்களில் இறப்புகளும் இழக்கப்படும் வாழ்நாளாண்டுகளும் மிகக் குறையும் என்றும் கண்டது. இங்கு ஒன்று நோக்கத்தக்கது. இறப்பைக் குறைக்க விரும்புவோரும் வாழ்நாளாண்டுகளைக் காக்க விரும்புவோரும் கோவிட்-19 நோயைப் பொறுத்தவரை பெரும்பாலும் ஒரே முடிவிற்கே வருகின்றனர். கொள்கைப் பூசல் எனத் தோன்றுவதைச் சில வேளைகளில் தரவு தீர்த்து வைக்கும். தொற்றைக் குறைப்பதா, இறப்பைக் குறைப்பதா என்னும் தேர்வையோ எந்தக் கணிதமும் நமக்காகச் செய்து தராது.

சிங்கப்பூர் 2020 டிசம்பர் 30ஆம் நாள் தேசியத் தொற்றுநோய் நிலையத்தின் ஊழியர்களோடு தொடங்கி, 2021இன் தொடக்கத்தில் 70 வயதைக் கடந்தோரை நோக்கி நகர்ந்தது. அங்கு எழுந்த தனிச்சிக்கல் வெளிநாட்டுத் தொழிலாளர் பற்றியது. தமிழகத்திலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் சென்றோர் பெருமளவில் தங்கியிருந்த விடுதிகளில் 2020இல் நோய் விரைந்து பரவியது. அவ்விடுதிவாசிகளுள் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததாக அவ்வாண்டு டிசம்பரில் அரசு அறிவித்தது. நலிந்தோர் நலன் என்னும் கொள்கைப்படி அவர்கள் முன்வரிசைக்கு உரியவர்கள். உயிர் காத்தல் என்னும் கொள்கைப்படியோ, பெரும்பாலும் இளையோராகவும் பலர் முன்னரே தொற்றுக்கு ஆளானவராகவும் இருந்தமையால், பின்வரிசைக்கு உரியவர்கள். 2021 மார்ச்சில், முன்பு தொற்று ஏற்படாத விடுதிவாசிகளிடமிருந்து அவர்களுக்கான திட்டம் தொடங்கியது. இரு கொள்கைகளுக்கும் இடையே கண்ட ஓர் இணக்கமாக இதனைக் கருதலாம்.

ஆசிரியரின் இடம் எது?

தொழிலை அடிப்படையாகக் கொண்டு முன்னுரிமை தருவதன் நிறைகுறைகளை ஆசிரியர் பற்றிய முடிவுகள் நன்கு புலப்படுத்துகின்றன. அமெரிக்கக் குழு ஆசிரியர்களையும் பள்ளிப் பணியாளர்களையும் முன்களத் தொழிலாளர் பிரிவில் சேர்த்தது. சிங்கப்பூர் 2021 மார்ச்சில் கல்விப் பணியாளர்களுக்குத் தடுப்பூசி வழங்கத் தொடங்கியது. மலேசியா, இணைநோயுடைய ஆசிரியர்களை முதற்கட்டத்தின் பிற்பகுதியில் சேர்த்தது. பிரிட்டனோ 2021 பிப்ரவரி 26ஆம் நாள், ஒன்பது பிரிவுகளுக்குப் பின்னரும் வயதின்படியே செல்வது எனவும் ஆசிரியர், காவலர் போன்ற தொழிற்பிரிவுகளைத் தனியே முன்னிறுத்துவதில்லை எனவும் வல்லுநர் குழு பரிந்துரைத்ததாக அறிவித்தது.

பிரிட்டன் குழு கூறிய காரணம் எளிமையானது. எத்தொழிலில் இருப்பினும் வயதே ஆபத்தை மிகுதியாக முடிவு செய்கிறது. வயதின்படி அழைப்பது விரைவானது. தொழிலைச் சரிபார்க்கப் புகுந்தால் பணி தாமதப்பட்டு அத்தாமதத்தால் உயிர்கள் இழக்கப்படும். மறுதரப்பின் காரணமும் வலுவானதே. பள்ளி மூடப்படுவதால் இழப்புக்குள்ளாவோர் மாணவர். அவருள்ளும் வீட்டில் கணினியோ இணையமோ இல்லாத மாணவரே பெரிதும் இழக்கின்றனர். ஆசிரியருக்குப் போடப்படும் ஊசி பள்ளியைத் திறந்து வைக்க உதவுமாயின் அதன் பயன் ஆசிரியரோடு நிற்பதில்லை.

மலேசியாவின் முடிவு இவ்விரு வாதங்களையும் ஒன்றிணைக்க முயன்றது. தொழிலையும் உடல்நிலையையும் சேர்த்துக் கருதியதால் பட்டியல் சுருங்கியது. ஆபத்து மிகுந்த ஆசிரியர் முன்னே வந்தனர். ஆயினும் அவ்வாய்ப்புப் பெறாத இளம் ஆசிரியர்கள் இறப்பு வாய்ப்புக் குறைந்தவர்கள் என்பதாலேயே பின் நிறுத்தப்பட்டனர். அவர்களின் பணி மதிப்புக் குறைந்தது என்பதால் அன்று. இவ்வேறுபாடு தெளிவாக எடுத்துரைக்கப்படாதவிடத்துப் பின் நிற்போர் தம்மைச் சமுதாயம் மதிக்கவில்லை என எண்ணுவது இயல்பு. காரணம் கூறுதலின் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

வரிசையை அடையும் வழி

பட்டியல் எத்துணை நேர்மையாக அமையினும், அதனைச் செயற்படுத்தும் முறை மற்றொரு மறைமுக வரிசையை உருவாக்கிவிடக் கூடும்.

2020 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவமனை தன் ஊழியர்களுக்கான வரிசையைக் கணினி விதிமுறை ஒன்றின்வழி வகுத்தது. வயதும் பணியிடமும் மதிப்பெண்களாகக் கணக்கிடப்பட்டன. பயிற்சி மருத்துவர்கள் இளையோர்; பிரிவு விட்டுப் பிரிவு மாறிப் பணிபுரிபவர்களாதலின் அவர்களுக்கு நிலையான பணியிடம் பதிவாகவில்லை. விளைவாக, முதல் 5,000 ஊசிகளில் இடம்பெற்ற பயிற்சி மருத்துவர்கள் ஆயிரத்து முந்நூற்றுக்கும் மேற்பட்டோருள் ஏழு பேர் மட்டுமே. அவர்களுள் பலர் கோவிட்-19 நோயாளிகளை நேரில் கவனித்து வந்தவர்கள். எதிர்ப்புக் கிளம்பவே மருத்துவமனை வருத்தம் தெரிவித்துத் திட்டத்தை மாற்றியது. யாரும் அவர்களைப் புறக்கணிக்க வேண்டும் என்று எண்ணியதாகத் தெரியவில்லை. எண்களின் சேர்க்கை அம்முடிவைத் தந்தது. அதனை முன்கூட்டிச் சரிபார்ப்பார் இல்லை.

மலேசியாவிலும் இதனோடு ஒப்பிடத்தக்க நிகழ்வு ஒன்று உண்டு. அஸ்ட்ராஸெனெகா தடுப்பூசி பற்றி மக்களிடையே அச்சம் நிலவியமையால், அது பொதுத் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு விருப்பமுடையோருக்கு எனத் தனியே வழங்கப்பட்டது. 2021 மே 2ஆம் நாள் நண்பகலில் கிள்ளான் பள்ளத்தாக்கினருக்கு இணையப் பதிவு திறக்கப்பட்டது. ஏறத்தாழ 2 இலட்சத்து 68 ஆயிரம் இடங்களும் சில மணி நேரத்திற்குள் நிரம்பின. வீணாகக்கூடும் என அஞ்சிய மருந்து பயன்பட்டது நன்மையே. எனினும் 'முந்தியவருக்கு முதலிடம்' என்னும் முறை, விரைந்த இணையத் தொடர்பும் ஓய்வான நண்பகலும் உடையோருக்குச் சாதகமானது. நண்பகலில் தொழிற்சாலையில் நிற்பவருக்கும், திறன்பேசி பயன்படுத்தத் தெரியாத தோட்டப்புறப் பாட்டிக்கும் அவ்வாய்ப்பு அத்துணை எளிதன்று. அதே மாத இறுதியில் நிகழ்ந்த அடுத்த சுற்றில் 60 வயதைக் கடந்தோர் முன்னதாகப் பதிந்துகொள்ள வாய்ப்பளிக்கப்பட்டது. முதற்சுற்றின் குறை இவ்வாறு ஓரளவு திருத்தப்பட்டது.

பொதுத் திட்டத்தில் மைசெஜாத்ரா செயலியோடு, இணையத்தளம், தொலைபேசி, மருத்துவ நிலையங்கள், உட்புறப் பகுதிகளுக்கான நேரடிப் பதிவு எனப் பல வழிகள் வைக்கப்பட்டமையும் இந்நோக்கில் பாராட்டத்தக்கது. பதிவு செய்ய இயலாதவர் முன்னுரிமைப் பிரிவில் இருந்தும் பயன் பெறார். பிள்ளைகளும் அண்டை அயலாரும் தொண்டூழியர்களும் பதிந்து கொடுத்ததனாலேயே பல முதியோர் தம் முறையை அடைந்தனர்.

அச்சமும் ஒரு தடையாகலாம். குடியுரிமை இல்லாதோருக்கும் ஆவணமற்றோருக்கும் தடுப்பூசி இலவசமாக வழங்கப்படும் என மலேசிய அரசு 2021 பிப்ரவரியில் அறிவித்தது. அவ்வாண்டு மே இறுதியில் ஆவணமற்றோர் தடுத்து வைக்கப்படுவர் என்னும் அறிவிப்பும் வெளிவந்தது. ஒரே மனிதரை ஓர் அறிவிப்பு அழைக்க, மற்றோர் அறிவிப்பு அஞ்சி விலகச் செய்தது. நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்வோர் ஊசிக்கு வர அஞ்சினால் இழப்பு அவர்களுக்கு மட்டும் உரியதன்று.

இடமும் முன்னுரிமைக்கு அடிப்படையாகலாம். 2021 ஜூலையில் கிள்ளான் பள்ளத்தாக்கில் நோய் உச்சம் பெற்றபோது, ஆகஸ்டு 1ஆம் நாளுக்குள் அங்குள்ள பெரியோர் அனைவருக்கும் முதல் தவணையாவது போடும் சிறப்பு நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது. தீப்பற்றிய வீட்டிற்கே முதலில் நீர் என்னும் நியாயம் இதில் உண்டு. அக்காலத்தில் சபா போன்ற மாநிலங்கள் தடுப்பூசி எண்ணிக்கையில் பின்தங்கியிருந்தன என்பதும் மறக்கத்தக்கதன்று.

நாடுகளுக்கிடையே வரிசை

ஒரு நாட்டிற்குள் வரிசை வகுக்க அரசு உண்டு. நாடுகளுக்கிடையே வகுக்க அத்தகைய அதிகாரம் இல்லை. 2021 ஜனவரி 18ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநர், செல்வ நாடுகள் 49இல் 39 மில்லியனுக்கும் மேற்பட்ட தவணைகள் போடப்பட்டிருக்க, மிக வறிய நாடு ஒன்றில் 25 தவணைகள் மட்டுமே போடப்பட்டுள்ளன என எடுத்துரைத்தார். 25 ஆயிரமோ 25 இலட்சமோ அல்ல, வெறும் 25.

இந்நிலையைத் தவிர்க்கவே கோவேக்ஸ் என்னும் கூட்டுத் திட்டம் அமைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு நாட்டிற்கும் முதலில் மக்கள்தொகையில் 20 விழுக்காட்டினர் வரை பங்கிடுவது அதன் திட்டம். மலேசியாவும் தன் மக்களில் 10 விழுக்காட்டினருக்கு அதன்வழி தடுப்பூசி பெற ஒப்பந்தம் செய்திருந்தது. மக்கள்தொகைக்கு ஏற்பச் சமமாகப் பங்கிடுவது நேர்மையாகத் தோன்றினும், அதனை மறுத்த அறிஞர்களும் இருந்தனர். நோயால் அகால மரணங்கள் எங்கு மிகுதியாகத் தடுக்கப்படுமோ அங்கு முதலில் அனுப்புவதே நேர்மை என இமானுவேலும் பல நாட்டு அறிஞர்களும் 2020 செப்டம்பரில் வாதிட்டனர். அவ்விவாதம் முடிவுறும் முன்னரே செல்வ நாடுகள் நிறுவனங்களோடு நேரடியாகப் பேசிப் பெரும்பகுதியை வாங்கிவிட்டன. தன் நாட்டில் நோய் பெருகியபோது இந்தியாவும் ஏற்றுமதியை நிறுத்திவைத்தது. அதனைப் பெரிதும் நம்பியிருந்த கோவேக்ஸ் திட்டம் தளர்ந்தது. 2021 இறுதிக்குள் இரண்டு பில்லியன் தவணைகள் என்னும் இலக்கில், ஒரு பில்லியனாவது தவணை 2022 ஜனவரியிலேயே வழங்கப்பட்டது. இதற்கிடையே, வறிய நாடுகளில் முதல் தவணை கிடைக்கும் வரை ஊக்கத் தவணைகளை நிறுத்திவைக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் 2021 ஆகஸ்டில் விடுத்த வேண்டுகோளைப் பல செல்வ நாடுகள் ஏற்கவில்லை.

தன் மக்களைக் காப்பது ஓர் அரசின் முதற்கடமை என்பதை மறுப்பதற்கில்லை. தன் நாட்டு இளைஞருக்கு மூன்றாவது ஊசியும் பிறநாட்டுத் தாதிக்கு முதல் ஊசியும் எதிரெதிரே நிற்கும்போது அக்கடமை எங்கு முடிகிறது என்பதே வினா. 2025 மே மாதம் உலகச் சுகாதார மன்றம் ஏற்றுக்கொண்ட பெருந்தொற்று உடன்படிக்கை இவ்வினாவிற்கு விடை காண முயல்கிறது. பங்கேற்கும் நிறுவனங்கள் பெருந்தொற்றுக் காலத் தயாரிப்பில் 20 விழுக்காட்டை உலகச் சுகாதார நிறுவனத்திற்குக் கிடைக்கச் செய்வதை அது இலக்காகக் கொள்கிறது. அதில் குறைந்தது பாதி நன்கொடையாக அமைய வேண்டும். இதன் நடைமுறை விவரங்கள் தனி இணைப்பாகப் பின்னர்ப் பேசி முடிக்கப்பட விடப்பட்டன. அவ்விவரங்களிலேயே அதன் உண்மையான வலிமை அடங்கியுள்ளது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, முன்னுரிமைப் பட்டியல் நோய்க்கு நோய் மாறும். ஆதலின் முன்கூட்டி முடிவு செய்யத்தக்கவை பட்டியல்கள் அல்ல, கொள்கைகளும் அவற்றுள் எது எதற்கு விட்டுக்கொடுக்கும் என்பதுமே. இரண்டு, ஒவ்வொரு முடிவிலும் எப்பகுதி தரவு, எப்பகுதி மதிப்பீடு என்பதைப் பிரித்துக் கூற வேண்டும். தரவு மாறினால் வல்லுநர் திருத்துவர். மதிப்பீட்டைப் பற்றிப் பேசும் உரிமை குடிமக்கள் அனைவருக்கும் உண்டு. மூன்று, பதிவு செய்யும் வழி, நேரம், மொழி, அச்சமின்மை ஆகியவற்றையும் வரிசையின் ஒரு பகுதியாகவே கருதித் திட்டமிட வேண்டும்.

திருக்குறள் 'நடுவு நிலைமை'க்கென ஓர் அதிகாரத்தையும் 'மருந்து'க்கென மற்றோர் அதிகாரத்தையும் தனித்தனியே வகுத்துள்ளது. பெருந்தொற்றுக் காலம் அவ்விரண்டையும் ஒருங்கே கற்க வேண்டிய காலமாகும். நன்னெறிக் கல்வி வகுப்பில் பத்துக் குப்பிகளையும் முப்பது பெயர்களையும் மாணவரிடம் தந்து, வரிசையை மட்டுமன்றி அதற்கான காரணத்தையும் எழுதச் செய்தல் ஆசிரியர்க்கு இயலும். முப்பதாம் இடத்தில் நிற்பவர் முன் அக்காரணத்தைப் படித்துக் காட்ட இயலுமா என்பதே அவ்வரிசைக்கு உரிய உரைகல். நாளை ஓர் அரசு வகுக்கப்போகும் வரிசைக்கும் அதுவே பொருந்தும்.